ஜனவரி ஒன்று, மறுபடியும்

மின்வெட்டு முடிந்த மூன்றாம் நிமிடம்
என் போன் அடிக்கும்.
டர்பன், மேய்டன் வார்ஃப்,
சரக்கு அலுவலகம், இரண்டாம் மாடி, திலோஷினி.
"அண்ணா, அந்த மஞ்சள் பெட்டி திரும்ப வந்துட்டுது."

மஞ்சள் பெட்டி சொல்வது இவ்வளவுதான்:
இந்தச் சர்வரின் சான்றிதழை நம்ப முடியவில்லை.
தொடரவா, வேண்டாமா?
இரண்டு பொத்தான்களில்
'தொடர்' கொஞ்சம் பெரியது.

"இப்போதைக்கு அழுத்திடு," என்றேன்,
"வந்து பார்க்கிறேன்."

முதல் வாரம் சர்வரைச் சந்தேகப்பட்டேன்.
பாவம் அது,
ரிச்சர்ட்ஸ் பேயில் ஒரு குளிரறையில்
யாருக்கும் தீங்கு நினைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.
சான்றிதழைத் திறந்து வரி வரியாகப் படித்தேன்.
பெயர் சரி. கொடுத்தவர் சரி.
காலாவதிக்கு இன்னும் எட்டு மாதம்.
இரண்டாம் வாரம்
மெசஞ்சரை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன்.
சாக்ரன் மூட்லி என் முதுகுக்குப் பின்னால் நின்று
பன்னி சௌவைப் பிய்த்துத் தின்றார்.
கப்பல் காத்திருக்கிறது என்றார்.
ஆட்டுக்கறி மணத்தில்
எதையும் சரிபார்க்க முடியாது.

மூன்றாம் வாரம்தான்
திரையின் வலது மூலையைப் பார்த்தேன்.
2009, ஜனவரி 1.
நள்ளிரவு தாண்டி பதினேழு நிமிடம்.

ஜன்னலுக்கு வெளியே கிரேன்களின் மேல்
மதியம் இரண்டு மணி வெயில்.

தாய்ப்பலகையில்
ஒரு ராண்டு காசைவிடக் கொஞ்சம் குறைந்த அகலம்,
ஒரு பேட்டரி, வற்றிப்போய்.
கரண்ட் போகும்போதெல்லாம் கணினி
அதே புத்தாண்டில் போய் விழித்திருக்கிறது.
சான்றிதழ் பிறந்ததோ போன வருடம்.
பிறக்காத பிள்ளையின் அடையாள அட்டையை நீட்டினால்
எந்தக் காவலாளி கதவைத் திறப்பான்?

நேரம் சொல்லவென்றே ஒரு சர்வர் இருக்கிறது, உண்மை.
பதினைந்து மணிநேரம் தப்பினால் அது திருத்தும்.
பதினைந்து வருடம் தப்பினால்
யாரும் வருவதில்லை.

யூபிஎஸ் இல்லையா என்று கேட்பீர்கள்.
இருக்கிறது,
மூட்லியின் அறையில், காபி மெஷினுக்கு.

சாட்ஸ்வொர்த்தில் இருபத்தெட்டு ராண்டுக்கு
பேட்டரி வாங்கிப் போட்டேன்.
தேதியைக் கையால் திருத்தினேன்.
அன்று மாலையும் கரண்ட் போய் வந்தது;
பெட்டி வரவில்லை.
திலோஷினி ஒரு மாரி பிஸ்கட் கொடுத்தாள்.
பில்லில் 'கடிகாரம்' என்று எழுதினேன்.
மூன்று வாரக் கூலிக்கு அது
சின்னச் சொல்லாகத் தெரிந்தது மூட்லிக்கு.

பிறகு ஒன்பது நாள் அமைதி.

பத்தாம் நாள் நான் உம்பிலோ சாலையில் இருந்தேன்.
அந்தப் பக்கம் மட்டும் மின்வெட்டு,
ரோபோ விளக்குகள் செத்துக் கிடந்தன.
நான்கு திசை வண்டிகளும்
ஒன்று விட்டு ஒன்றாக,
யாரும் யாரிடமும் சான்று கேட்காமல்
கடந்துகொண்டிருந்தன.

போன்.
"அண்ணா, மஞ்சள் பெட்டி."
"தேதி பார்த்தியா?"
"பார்த்தேன். இன்றைக்குத்தான்."
"கரண்ட் போச்சா?"
"இல்லையே."
"கொடுத்தவர் பெயர் படி."
அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
கேட்டறியாத பெயர். வழங்கிய நாள், நேற்று.

இந்தத் தடவை கடிகாரம் சரி.
பெட்டியும் சரி.
நடுவில் யாரோ
ரிச்சர்ட்ஸ் பேயின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

"அழுத்தாதே," என்றேன்.

கிரேன் சத்தம் மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.

அறுபது தடவை அழுத்தியிருப்பாள் அந்த மூன்று வாரத்தில்.
அறுபது தடவையும் ஒன்றும் ஆகவில்லை.
அறுபத்தொன்றாம் தடவை
விரல் கண்ணைக் கேட்டுக்கொண்டா போகும்?

"நீங்கதானே அண்ணா சொன்னீங்க," என்றாள்.

பின்னால் ஒரு டாக்ஸி ஹார்ன் அடித்தது.
என் முறை வந்திருந்தது போல.
நான் நகரவில்லை.
"கேபிளைப் பிடுங்கு, திலோஷினி,
மேசைக்கு அடியில்."

"நீலமா," என்று கேட்டாள்,
"சாம்பலா?"