அது பாட்டில்லை அக்கா

மணிக்கு முந்நூறு.
தனிஸ்லாஸ் முதல் நாளே சொல்லிவிட்டான்:
கடன் கிடையாது, பணத்துக்குப் பதில் கருவாடு கிடையாது,
சொல்லாமல் வராவிட்டால் பாதிப் பணம்.
நீ சொல்லாமல் வராவிட்டால் என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்தான்.
அதுக்கும் பாதி, நான் உங்களுக்கு.

தங்கச்சிமடத்தில் செல்போன் கடைக்கு மேலே
ஒற்றை அறை.
கொடியில் சரிகை வைத்த சிவப்புச் சட்டை,
அக்குளில் உப்புக் கோடு.
நேற்று வேதாளையில் கல்யாணம்,
இன்று காலை ஒரு சாவு,
ராத்திரி கோயிலில் கொடியேற்றம்.
இடையில் ஐந்திலிருந்து ஆறு வரை நான்.
அவனுக்கு இருபத்தாறு, எனக்கு நாற்பத்து நாலு.

என் விரல்களை ட்யூப்லைட்டுக்குக் கீழே
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற விரல்கள்.
எத்தனை துணி சுற்றினாலும்
பார்க்கல் கிழிக்கத்தான் செய்யும்.
கிளாரினெட் துளையை மூடினால்
வெடிப்பு வழியே காற்று ஒழுகும்.
கோழிக்குஞ்சை மிதித்ததுபோல் ஒரு சத்தம்.
இரண்டு மாதம்
அதே கோழிக்குஞ்சை மிதித்துக்கொண்டிருந்தேன்.

மூச்சு விஷயத்தில் மட்டும் எனக்குத் திமிர் இருந்தது.
ஒரு முங்குக்கு ஒன்றேகால் நிமிஷம்
அடியில் கிடப்பவள் நான்.
"பூட்டி வைக்கிறீங்க அக்கா,
இங்க செலவழிக்கணும்" என்றான்.
செலவழிக்க எனக்கு
இதுவரை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நான் வந்ததோ ஒரே ஒரு பாட்டுக்கு.
போன மாசியில்
சின்னப்பாலத்துச் சாமி ஊர்வலத்தில் ஜெனரேட்டர் நின்று
ஊரே இருட்டில் நின்றபோது நீ வாசித்தாயே,
மெதுவாக ஏறி
ஏறின இடத்திலேயே நின்று
இறங்காமல் விட்டாயே, அது.
முணுமுணுத்தும் காட்டினேன்.
தலையைச் சொறிந்தான்.
"அது பாட்டில்லை அக்கா.
ரீடு நனைஞ்சிருச்சான்னு பார்த்திருப்பேன்."

அதுதான் வேண்டும் என்றேன்.

சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.
இதுவா என்று ஊதினான். இல்லை.
இதுவா. இல்லை.
இது? கிட்டத்தில், ஆனால் இவ்வளவு சுத்தம் இல்லை.
மேடைக்கு மேடை
கேட்டவர் கேட்ட சினிமாப் பாட்டை
நாலு மணி நேரம் வாசிக்கிறவன்,
யாருமே கேட்காத ஒன்றை
ஒருத்தி கேட்டதில் கொஞ்சம் தடுமாறிப்போனான்.
டீயில் ஆடை படிந்தது.

அதற்குள் போன்.
"ஆறு பேரு, பதினாலாயிரம். வண்டி தனி.
இல்லண்ணே, டிரம்பெட் இல்லாம எப்படி?
சாப்பாடு மட்டும் முன்னாடியே போட்டுருங்க,
போன தடவை ரசம்தான் மிஞ்சுச்சு."

ஜன்னலுக்கு வெளியே வாடைக்காற்று
கொடியில் கிடந்த சிவப்புச் சட்டையின் கையை
உள்ளே தள்ளித் தள்ளி விட்டது.
சும்மா இருக்க முடியாமல்
ரீடை நாக்கில் நனைத்து
ஈரமாச்சா என்று பார்க்கத்தான் ஊதினேன்.
மேலே போயிற்று.
போன இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

அவன் பேச்சை நிறுத்திவிட்டு
போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தான்.
இல்லை, இதுவும் இல்லை என்றேன்.
"கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றான்,
எனக்கா, போனில் இருந்த அண்ணனுக்கா, தெரியவில்லை.

ஆறு மணிக்கு முந்நூறைக் கொடுத்தேன்.
டப்பாவைக் கவிழ்த்து
நாற்பது ரூபாய் திருப்பித் தந்தான்.
"எட்டு நிமிஷம் போன் பேசிட்டேன் அக்கா."

படியிறங்கி
கடை வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்தேன்.
முப்பத்தொன்பதுதான் இருந்தது.
கேட்டுவிடலாம் என்று திரும்ப ஏறினேன்.
உள்ளே, சட்டைகூட மாற்றாமல்
ஊதிக்கொண்டிருந்தான். இதுவா. நிறுத்தம். இதுவா.
கொடியேற்றத்துக்கு வந்த வேன்
தெருவில் ஹாரன் அடித்தது.

கதவைத் தட்டவில்லை.
ஒரு ரூபாயைச்
செவ்வாய்க்கிழமை கேட்டுக்கொள்கிறேன்.