இணைப்பைத் துண்டிக்காதீர்கள்

இரண்டு வருடமாக என் வீட்டில் துண்டு இல்லை.
குளித்துவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட
சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்,
உடம்பு தானே காயும்வரை.
ஜூலையில் வால்பரைசோவின் கடற்காற்று
எலும்பை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகும்.
விருந்துக்கு வந்த தம்பி மனைவி கேட்டாள்.
சலவைக்குப் போட்டிருக்கிறேன் என்றேன்.
எல்லாவற்றையுமா?
எல்லாவற்றையும்.

ஈரத் துண்டைக் கதவிடுக்கில் செருகுங்கள் என்று
சொன்னவள் நான்.

அது பிப்ரவரி. குன்றுகளின் முதுகில்
யூகலிப்டஸ் காடு எரிந்துகொண்டிருந்தது.
அவசர அழைப்பு அறையில் என்னுடையது ஏழாவது மேசை.
ஃபெர்மீன் என்றார். மூச்சு வாங்கியது.
கதவைச் சாத்துங்கள்
வெளியே வராதீர்கள்
வண்டி கிளம்பிவிட்டது.
கிளம்பித்தான் இருந்தது.
தப்பி இறங்கிய கார்கள் அடைத்த ஒற்றைச் சந்தில்
நாற்பத்தொரு நிமிடம்
சைரனை மட்டும் மேலே அனுப்பிக்கொண்டு
நின்றும் இருந்தது.

நடுவில் அவர் கேட்டார்,
உன் பேர் என்னம்மா, நாளைக்கு நன்றி சொல்லணுமே.
பெயர் சொல்வது விதிக்குப் புறம்பு.
ஏழு என்றேன்.
ஏழு என்று திருப்பிச் சொன்னார்
எங்கோ எழுதிக்கொள்பவர்போல.

விசாரணைக் குழு என்மேல் பிழையில்லை என்றது,
முத்திரை குத்திய தாளில்.
அதை நாலாக மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தேன்.
மேசை ஆடவில்லை.

இசோலினா பராஹோனாவின் அறை
பல் வைத்தியரின் மாடியில் இருக்கிறது.
அழுவதற்கென்று போனவளுக்கு
கீழே எவனோ ஒருவனின் கடைவாய்ப்பல்
குடையப்படும் சத்தம்.
அவள் போடும் தேநீர் வெந்நீரைவிடச் சற்றே மேல்.
ஐந்து வாரம் துண்டைப் பற்றி மட்டும் பேசினோம்.
என்ன நிறம், எந்தக் கடை,
தொட்டால் எந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது.
காசு கொடுத்துத் துணி வியாபாரம் பேசுகிறேன் என்று
படியிறங்கும்போது திட்டிக்கொண்டேன்.

ஒன்பதாவது வாரமா, பத்தாவதா,
நாற்காலியைத் திருப்பிப் போட்டு
முதுகோடு முதுகாக உட்காரச் சொன்னாள்.
இப்போது நீ கூப்பிடுகிறாய், நான் எடுக்கிறேன்.
எடுத்தாள்.
"வணக்கம், உங்களுக்கு என்ன கஷ்டம்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது.
பதினாறு வருட வேலை.
அப்படிக் கேட்கக் கூடாது.
முதலில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேள்.
குரலைத் தாழ்த்து, தரையில் வை.
என்ன தப்பு செய்தாய் என்று யாரையும் கேட்காதே.
நான் இங்கேதான் இருக்கிறேன், வைத்துவிடாதீர்கள்,
இதை மூச்சுக்கு ஒருமுறை சொல்.

"எனக்கு வரவில்லை. நீயே சொல்லிக் காட்டேன்."

எங்கே இருக்கிறீர்கள் என்றேன்.
ஏழாவது மேசையில் என்றது
அதே வாய்.
யார் கூட இருக்கிறார்கள்?
யாருமில்லை. இரண்டு வருடமாக லைனில் இருக்கிறேன்.
யாரும் எடுக்கவில்லை.

கீழே துளைப்பான் நின்றது.
எவனுக்கோ வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள்.
நான் அழுதது சுமாராக முக்கால் மணி நேரம்.
அவள் கடிகாரம் பார்த்தாள், அதை நான் பார்த்தேன்.
அடுத்த ஆள் காத்திருந்தான். பாவம், அவனுக்கு என்னவோ.

சரியாகிவிட்டதா என்றால்
இல்லை.
கீழ்க்காற்று வீசும் நாளில்
இன்னமும் ஜன்னல்களை மூன்று முறை பார்க்கிறேன்.
ஃபெர்மீன் திரும்பி வரப்போவதில்லை.
அந்த நாற்பத்தொரு நிமிடத்தில் ஒன்றைக்கூட
யாரும் எனக்குக் கழித்துத் தரப்போவதில்லை.

ஆனால் போன சனிக்கிழமை சந்தையில்
ஒரு துண்டு வாங்கினேன். மஞ்சள். மட்டமான நூல்,
சாயம் போகும் என்று விற்றவளே சொன்னாள்.
முகம் கழுவி, அதில் முகம் புதைத்தேன்.
சோப்பு வாசம்.
பிறகு புகை.
கால்கள் ஓடப் பார்த்தன.

கண்ணாடி முன்னால், குரலைத் தரையில் வைத்து,
நான் இங்கேதான் இருக்கிறேன் என்றேன்.
என் பேர் நேலிதா.
வைத்துவிடாதே.

பிறகு மறுபடி சோப்பு வாசம்.
கழுத்தெல்லாம் மஞ்சள்.