இந்நேரம்

பதுமி துறைமுகத்துக்குப் பின்னால்
ஹீட்டர் ஓடாத வகுப்பறை.
கப்பல் வேலைக்கு ஆங்கிலத் தேர்வு, மார்ச்சில்.
ஓதியாவுக்கு ஐம்பத்து மூன்று.
டீச்சர் தேயோனாவுக்கு இருபத்திரண்டு.

மே மாதத்துக்குள்...
மீதியை எழுதுங்கள் என்றாள்.

நடக்காததை
நடந்து முடிந்ததாக வைத்துக்கொண்டு
அதற்கும் அப்பால் போய் நின்று
திரும்பிப் பார்க்க வேண்டுமாம்.

கடன்காரனிடம் இத்தனை வருஷமாய்
நான் பேசிவந்தது இதுதானா, என்றார்.
பின்வரிசையில் ஒருவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான்.

எழுதினார்:
மேக்குள் பாய்லரைப் பிரித்து மாட்டியிருப்பேன்.
மேக்குள் சாந்தோஸ் போய்ச் சேர்ந்திருப்போம்.
மேக்குள் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கும்,
நான் பார்த்திருக்க மாட்டேன்.

ஒரு பிழை இல்லை.
டிக் போட்டவள்
பேனாவை மூட மறந்தாள்.

இதை வைத்து
இன்றைக்கு நடந்ததையும் சொல்லலாமா?
சொல்லலாம், கண்ணால் பார்க்காதவரை.

பத்தரை மணி பஸ்.
கண்ணாடியில் கருங்கடல் மழை.
உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தார்:
இந்நேரம் குலிகோ சாப்பிட்டிருப்பாள்.
கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.
படுத்திருப்பாள்.

மூன்றாம் மாடி. சமையலறையில் விளக்கு.
எதையோ ஓங்கி நறுக்குகிற சத்தம்
தெருவரை.

இலக்கணம் சரி.
தகவல்தான் தப்பு.