நூற்றுப் பதினாறு தாள்

பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் ஆறு நாள்.
நிலத்தைக் கூட்டிவிட்டு
யூரியாப் பையை அவிழ்த்துக் கொட்டினேன்.
நிதுர்சனாவின் மூன்றாம் ஆண்டுக் கொப்பிகள், ஏழு.
ஒன்றின் அட்டையைக் கறையான் தின்றிருந்தது.
மற்றதெல்லாம் சுகம்.

எழுதினது ஒரு பக்கம், எழுதாதது ஒரு பக்கம்.
கம்பி கழற்றி, நகத்தால் நீவி,
எச்சில் தொட்டு எண்ணினேன்:
நூற்றுப் பதினாறு தாள்.
முதலாம் ஆண்டுக்குப் போகிற அபிசனுக்கு
இரண்டு கொப்பி, மிச்சம் முப்பத்தாறு.
பரந்தன் கடையில் அந்தக் காசுக்கு
இரண்டு நாள் பாண் வாங்கலாம்.

நூலை அரிசிப் பையின் வாயில் உருவினேன்.
சாக்குத் தைக்கிற கோணூசியே போதும்.
அட்டைக்குச் சங்கக்கடை தந்த கலண்டர்.
பூச்சாடிப் படம் வெளியே வரட்டும் என்றான் இவன்.
வெள்ளை வெளியே, அப்பதான் பேர் எழுதலாம் என்றாள் அவள்.
வெள்ளைதான் வென்றது.
உள்ளே திரும்பிப் போனது கடைசி மாதம்,
சீட்டுக் காசுக்கு நான் போட்ட வட்டத்தோடு,
"தண்ணி" என்று மட்டும் கிறுக்கின
ஒரு சனிக்கிழமையோடு.

அப்போதுதான் விளங்கியது
இவ்வளவு தாள் ஏன் மிஞ்சியதென்று.
பிள்ளை என்னைப்போலச் சிக்கனக்காரி என்று
அதுவரை ஒரு பெருமை இருந்தது எனக்கு.

இரணைமடுவில் வான்கதவு திறந்த இரவு
இந்தப் பையை வளையில் கட்டிவிட்டு
இடுப்பளவு தண்ணியில் வெளிக்கிட்டோம்.
பதினொரு நாள் இருந்தது பள்ளிக்கூடத்தில்.
அவளுடைய வகுப்பில்தான்,
வாங்குகளை ஒதுக்கிப்போட்டு, நாலு குடும்பம்.
கரும்பலகையில் யாரோ எழுதியிருந்தார்கள்,
திங்கள் பருப்பு, செவ்வாய் பருப்பும் சோயாவும்.
இந்தத் தாள்களில் எழுதவேண்டிய நாட்களில்
எழுதவேண்டிய இடத்திலேயே படுத்துக்கிடந்தாள்,
பென்சில் இல்லாமல்.

வெள்ளிக்கிழமை முன்பள்ளிக் கொட்டிலில் பாய் விரித்து
கால் வளர்ந்து விட்ட சப்பாத்துகளை
தாய்மார் எல்லோரும் கொண்டுவந்து வைத்தோம்.
பதினான்கு சோடி, ஒரு ஒற்றை.
"மற்றதைச் சுண்டிக்குளத்தில்
ஏதோ கொக்குப் போட்டுக்கொண்டு திரியுது"
என்றாள் சுபோகினி.
கண்டாவளை முழுக்கக் கேட்கச் சிரித்தோம்.
ஒற்றையைத் திரும்பக் கொண்டுபோனாள்.
அபிசனுக்குக் கிடைத்தது ஓர் அளவு பெரிது.
முன்னுக்குப் பஞ்சு. சித்திரைக்குள் சரிவரும்.

பின்னேரம் பார்த்தால்
நான் கட்டின கொப்பியின் முதல் தாளில்
பென்சிலைச் சரித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.
ஒரு பக்கம் வீண் என்று அடிக்க ஓடினேன்.
கருமைக்குள்ளிருந்து வெள்ளையாய்
எழுத்துகள் எழும்பிக்கொண்டிருந்தன.
அவள் எப்போதும் அழுத்தித்தான் எழுதுவாள்.
முன் தாளின் தழும்பு பின் தாளில்.

எனக்கு மழை பிடிக்கும்.
மழை வந்தால் தவளை

அதற்குக் கீழே ஒன்றுமில்லை.
நிதுர்சனா எட்டிப் பார்த்தாள்.
அழிறப்பர் கேட்டாள். பிறகு வேண்டாமென்றாள்.
"கத்தும்" என்று
வாயால் முடித்துவிட்டு விளையாடப் போனாள்.

கணக்குக்குச் சதுர றூள் கொப்பி கட்டாயம் என்று
ஆசிரியை தந்த துண்டில் இருந்தது.
என் நூற்றுப் பதினாறிலும் சதுரம் இல்லை.
அடிமட்டம் வைத்துக் கீறிப் பார்த்தேன்,
மூன்றாம் தாளில் கண் பூத்துப்போனது.
சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்
ஒன்றே ஒன்று வாங்கிவந்தேன்.
பையா என்று கடைக்காரர் நீட்டினதை
வேண்டாமென்று சொல்லி, சட்டைக்குள் செருகி.

விரித்ததும் மூக்கை வைத்தான் அபிசன்.
பிறகு அவள்.
பிறகு நான், கொஞ்சம் கூட நேரம்.
"அம்மா, காணும். தாங்கோ."