சுவரின் இந்தப் பக்கம் விழுந்தவை

இரவு இரண்டு மணிக்குத் தகரக் கூரைமேல்
மாம்பழம் விழுந்தால்
யாரோ சுட்ட மாதிரி இருக்கும்.
இந்த மே மாதம் முழுக்கச் சுட்டார்கள்.

மரம் குவாஷியுடையது.
கிளை என் படுக்கைக்கு நேர்மேலே.
கூரையில் பதினேழு பள்ளம்.
ஏணி போட்டு எண்ணி, படமெடுத்து
ஸ்கார்பரோவில் வக்கீலிடம் கொடுத்தேன்.
கடிதம் போனது.
அன்றிலிருந்து குவாஷி
என் நாய்க்கு மட்டும் காலை வணக்கம் சொல்கிறார்.

நாளை எட்டு மணிக்கு ரம்பத்தோடு ஆள் வருகிறான்.

அதனால்தான் இன்றிரவு இந்த அடுப்பு.
முற்றத்தில் பொறுக்கியவை இருபத்து மூன்று.
அடிபட்ட கன்னம், எறும்பு புகுந்த காம்பு,
அவை யாருடையவை என்று
வக்கீல் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

தோல் சீவினேன். கொட்டையைச் சூப்பினேன்,
யாரும் பார்க்கவில்லை.
பாதிப் பப்பாளி, ஒரு முழுப் பூண்டு,
வேலியோரம் தானாய் முளைத்த ஷேடோ பெனி இலை,
மஞ்சள் கடுகு விழுது.
பிறகு மிளகாய்:
உட்கார்ந்து நசுக்கிய குல்லாய் போல
மஞ்சளும் சிவப்புமாய்ப் பன்னிரண்டு.
பார்த்தால் பொம்மை.
பாவம் என்று கடித்தவர்கள்
பால் தேடி ஓடியிருக்கிறார்கள்.

கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த கையுறை.
அதில் ஓட்டை இருந்ததை
என் இடது கட்டைவிரல்தான்
முதலில் கண்டுபிடித்தது.

கொதி வந்ததும் சமையலறை என்னை வெளியே துரத்தியது.
கண்ணில் நீர், மூக்கில் நீர்,
வாசற்படியில் நின்று
இருமிக்கொண்டிருந்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு இருமல்.
எட்டு மாதத்தில் எங்களுக்குள் நடந்த
முதல் பேச்சு அது.

பிறகு இருட்டிலிருந்து குரல்:
"வினிகர் போதாது."

நான் பேசவில்லை.

"வெறும் பழம் வேகிற வாசனை.
மூன்றே நாளில் நுரைத்து மூடியைத் தள்ளும்."

உள்ளே போய் அரைக் கோப்பை ஊற்றினேன்,
கரண்டி சட்டியில் இடிக்காமல்.

"இன்னும்."

ஊற்றினேன்.
நீண்ட இருமல். ஒரு தும்மல்.
"ம்."
ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்து மூடின.

நள்ளிரவில் கரண்டி நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
முதலில் இனிப்பு வந்து உட்கார்ந்தது,
நலம் விசாரித்தது.
போய்விடும் என்று நினைத்தபோது
அதன் தோளுக்குப் பின்னால்
உறைப்பு எழுந்து நின்றது.
இருவரும் சேர்ந்தேதான் வந்திருக்கிறார்கள்.

கொதிநீரில் கழுவிய ரம் பாட்டில்களில்
ஐந்தரை நிறைந்தது.

காலையில் எல்ட்ரிட்ஜ் வந்தான்.
கிளை நாற்பது நிமிடத்தில் விழுந்தது.
குவாஷி வெளியே வரவில்லை.
வணக்கம் கிடைக்காத நாய்
வேலிவரை போய்த் திரும்பியது.
மதியம் வறுத்த சுறாவின்மேல்
எல்ட்ரிட்ஜ் தாராளமாய் ஊற்றிக்கொண்டு
விக்கினான், கெட்ட வார்த்தை சொன்னான்,
கூலியில் ஐம்பது டாலர் குறைத்துக்கொண்டு
ஒரு பாட்டில் எடுத்துப் போனான்.

இப்போது கூரைமேல் எதுவும் விழுவதில்லை.
இரண்டு மணிக்கு எப்படியும் விழித்துவிடுகிறேன்,
எரியும் கட்டைவிரலை
வாயில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.
முட்டாள்தனம், வாயும் எரிகிறது.

செவ்வாய் மாலை சுவர்மேல் ஒரு பாட்டில் வைத்தேன்.
பெயர் எழுதவில்லை.
புதன் மழையில் அது அங்கேயே நின்றது.
வியாழனும். மூடி தள்ளவில்லை.
வெள்ளி காலை பார்த்தேன், காணோம்.

காற்று தள்ளியிருக்கலாம்.
ஓணான் தள்ளியிருக்கலாம்.
உடைந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
எப்படியானாலும்
அந்தப் பக்கம் விழுந்தது
அவருடையது.