கொஞ்சம் ஃப்ரெஷ்

கூல் என்று ஓர் ஊர், யார்க்‌ஷரில்.
பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்,
ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்து வேறு.
ஜனவரியில் மட்டும் இரண்டும் ஒன்றுதான்.

உப்புச் சிமிழ், மிளகுச் சிமிழ் என்று
இரண்டு தண்ணீர்க் கோபுரங்கள் இங்கே.
அவற்றின் நிழல் விழும் தெருக்களில்
கேஸ் மீட்டர் பார்த்து எண் எடுப்பது
பதினொரு வருடமாக என் வேலை.
கதவு திறந்தால் வணக்கம் வராது,
வானிலைதான் வரும்.

நாற்பத்திரண்டில் மிஸஸ் ஆக்ராய்ட்: "நிப்பி."
கிள்ளுகிறதாம்.
குழந்தையின் கன்னத்தில் தடம் விழாத கிள்ளல்.
நாற்பத்து நாலில், லாரி ஓட்டும் டெஸ்மண்ட்: "பார்க்கி."
அதற்கு என்ன பொருள் என்று அவனுக்கும் தெரியாது,
அவன் அப்பா சொன்னார், அதனால் குளிர்கிறது.

ஐம்பதில் பித்தளைக் குரங்கு.
பித்தளையில் வார்த்த குரங்குக்கே
விழக்கூடாதது விழுந்துவிடும் குளிர்.
வினிஃப்ரெட் அதை முழுதாகச் சொல்லமாட்டாள்,
சர்ச்சில் பூ அடுக்குகிறவள்.
"குரங்கு வானிலை" என்று நிறுத்திக்
கண்ணைச் சிமிட்டுவாள்.

ஆற்றங்கரைப் பக்கம் திரும்பினால்
சோம்பேறிக் காற்று.
சுற்றிப் போக உடம்பு வணங்காமல்
உங்களுக்குள் புகுந்தே போய்விடும்.
என் கோட்டில் ஏழு பொத்தான்,
ஒன்றையும் அது அவிழ்ப்பதில்லை.

"பிட்டர்" என்றால் குளிர் கசக்கிறது.
அதே பெயரில் பீர் உண்டு, அதுவும் கசக்கும்,
அதைக் காசு கொடுத்துக் குடிக்கிறோம்.
"பெரிஷிங்" என்றால்
பழைய ரப்பர் வெடித்து உதிர்வதுபோல.
"நிதர்ட்" எங்கள் பக்கத்துச் சொல்,
உள்ளே எலும்புவரை விறைத்தவன் சொல்வது,
லண்டனில் சொன்னால் என்ன நோய் என்பார்கள்.
தொப்பியை மறந்த பையனைப் பார்த்து
வாசலில் நின்று அம்மாக்கள் கத்துவது:
"சாவைப் பிடிச்சுக்கப் போறே!"
பந்தைப் பிடிப்பதுபோல. பஸ்ஸைப் பிடிப்பதுபோல.

பார்ஜ் சந்து, மூன்றாம் எண்.
மிஸ்டர் லாங்ஸ்டாஃப்.
கப்பலில் நிலக்கரி ஏற்றியவர் ஒருகாலத்தில்.
ஓவர்கோட்டும் காதுமூடிய தொப்பியுமாகக் கதவைத் திறந்தார்.
வெளியே கிளம்பினீர்களா என்றேன்.
"இல்லை, இப்போதுதான் எழுந்தேன்."
சொன்னபோது வீட்டுக்குள்ளேயே
வாயிலிருந்து ஆவி வந்தது.

படிக்கட்டின் அடியில் மண்டியிட்டு டார்ச் அடித்தேன்.
0 4 7 1 8.
நவம்பரில் நான் குறித்ததும்
0 4 7 1 8.
மீட்டர் பழுதோ என்று தட்டிப் பார்த்தேன்.
பழுதாக இருக்கட்டும் என்று இன்னொரு முறை தட்டினேன்.
பூனைக்கு வைத்த தண்ணீரின் மேல்
பாலில் படிவதுபோல் ஓர் ஏடு.
பூனை அவர் கோட்டுக்குள் இருந்தது.

"குளிருதே, மிஸ்டர் லாங்ஸ்டாஃப்."
யோசித்தார்.
நான் இதுவரை சொன்ன சொல் எல்லாம் அவருக்கும் தெரியும்,
குரங்கை முழுதாகவே சொல்லக்கூடியவர்.
"கொஞ்சம் ஃப்ரெஷ்," என்றார்.
ஃப்ரெஷ்.
காலையில் பறித்த கீரைக்குச் சொல்வது.
இன்று சுட்ட ரொட்டிக்குச் சொல்வது.

என் கைக்கருவியில் குறிப்புக்கு நாலு கட்டம்:
நாய். பூட்டு. ஆளில்லை. பழுது.
ஐந்தாவது இல்லை.

பதினொரு வருடத்தில் எந்த வீட்டிலும் கேட்டதில்லை.
கேட்டேன்: "ஒரு டீ கிடைக்குமா?"
அவர் முகம் ஒரு கணக்குப் போட்டது.
ஆனால் வந்தவளுக்கு இல்லை என்று சொல்லி
வளர்ந்த வீடு இல்லை அது.
தீக்குச்சி உரசினார். இரண்டாவதில் பற்றியது.
நீலமாய்ச் சின்னதாய் ஒரு வட்டம்.

கையுறையை மறந்ததுபோல் போய் மீட்டரைப் பார்த்தேன்,
கடைசிச் சக்கரம் நகர்ந்துகொண்டிருந்தது.
அந்த நகர்வுக்கும் பில் அவர் பேருக்குத்தான் வரும்,
எனக்குத் தெரியாமல் இல்லை.

திரும்பி வந்தபோது
கெட்டிலின் இரு பக்கமும் கையை விரித்து நின்றிருந்தார்.
பூனை தலையை வெளியே நீட்டியிருந்தது.
விரல்கள் மெல்ல மடங்கப் பழகிய பிறகு,
என்னைப் பார்க்காமல்,
அடுப்பிடம் சொல்வதுபோல்,
"நிதர்ட்," என்றார்.