இரண்டாம் லிஃப்ட்

படியில் விழுந்தாள் என்றுதான்
பதிவாகியிருக்கிறது.
லிஃப்ட் ஓடவில்லையாம்,
பதினோரு மாடி, விளக்கில்லாத படி,
ஐந்து வயது, கால் தவறியிருக்கும்.
கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.
ஸ்தாப்பாக்கில் இந்த அடுக்குமாடியின் லிஃப்டைத்
திட்டாதவர் யார்?

நான்தான் அதன் மெக்கானிக்.
அன்று செவ்வாய்.
கதவு ரோலர் மாற்றி
பத்து நாற்பதுக்கு ஓடவிட்டேன்.
சர்வீஸ் ஏட்டில் இருக்கிறது,
கிரீஸ் படிந்த என் கட்டைவிரல் தடத்தோடு.
அவள் விழுந்ததாகச் சொல்லும் நேரம்
மதியம் இரண்டு.
உள்ளே இருக்கும் கேமரா வெறும் கூடு.
ஜனவரியிலேயே சொல்லிவிட்டேன்,
அதுவும் ஏட்டில் இருக்கிறது.

கீழ்த்தளத்தில் நின்றபடி
எட்டாம் மாடியில் தேயும் பேரிங்கைச்
சொல்லிவிடுவேன்.
கம்பெனியில் என் பெயர் யானைக்காது.

லோஷினியை மூன்று முறை பார்த்தேன்.

முதல் முறை, கொளுத்தும் மார்ச்சில்
மணிக்கட்டு வரை மூடிய கம்பளிச் சட்டை.

இரண்டாம் முறை, ஹஸ்னுல் கொடுத்த கறிபாப்பில்
பாதி தின்று
மீதியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டாள்.
நாங்கள் சிரித்தோம்.
சிரித்ததை எங்கும் எழுதவில்லை.

மூன்றாம் முறை
எந்தப் பொத்தானையும் அழுத்தாமல்
யார் ஏறினாலும் அவரோடு
மேலே போனாள், கீழே வந்தாள்,
மறுபடி மேலே.
பதினொன்றில் கதவு திறக்கும்போதெல்லாம்
கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
எனக்கோ லிஃப்டை நிறுத்தியாக வேண்டும்,
அடுத்த வேலை கெப்போங்கில்.
"வீட்டுக்குப் போம்மா" என்றேன்.
பதினொன்றை
நானே அழுத்தினேன்.

நேற்று ஏட்டின் அந்தப் பக்கத்தை
நகலெடுத்தேன். இருபது சென்.
காண்டிராக்ட் போய்விடும், வாயை வைத்துக்கொண்டு
சும்மா இரு என்றார் சூப்பர்வைசர்.
பிறகு, எதற்கும் இரண்டு நகலாக எடு என்றார்.

காவல் நிலையத்தில்
பாரத்தை என் பக்கம் திருப்பி
இறந்த பிள்ளைக்கு
என்ன உறவு என்று கேட்டார்கள்.
மெக்கானிக் என்றேன்.
அந்தக் கட்டத்தில் அது பொருந்தவில்லை.
ஒரு கோடு இழுத்தார்,
அடுத்த கேள்விக்குப் போனார்.

அன்று லிஃப்ட் ஓடியதா?

ஓடியது, துவான்.
நன்றாகவே ஓடியது.
சத்தமே இல்லாமல்
ஓடியது.